தூரம் களத்துமேட்டில் தொடங்குகிறது

சென்னையிலிருந்து இராமேஸ்வரம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் மூன்று விதமான விடைகள் கிடைக்கும். வரைபடத்தில் அளவுகோலை வைத்து நேர்கோடு போடுகிறவர் சுமார் 430 கிலோமீட்டர் என்பார். லாரி ஓட்டுகிறவர் 550 கிலோமீட்டருக்கு மேல் என்பார். பயணம் போய் வந்தவர் கிலோமீட்டரே சொல்ல மாட்டார். "காலையில் புறப்பட்டேன், பொழுது சாய வந்து சேர்ந்தேன்" என்பார். மூன்றும் சரியான விடைகளே. ஆயினும் விவசாயிக்கு உதவக் கூடியது மூன்றாவது விடைதான்.

விமானத்தில் வருகிறவரின் கணக்கைப் பார்க்கலாம். இராமேஸ்வரத்துக்கு அருகில் உள்ள பயணிகள் விமான நிலையம் மதுரை. சென்னையிலிருந்து மதுரைக்கு விமானம் பறக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே கால் மணி. ஆனால் வீட்டிலிருந்து சென்னை விமான நிலையம் போய்ச் சேர ஒரு மணி, சோதனை முடிந்து விமானத்தில் ஏறும் வரை ஒன்றரை மணி, மதுரையில் இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. அதற்குப் பிறகு இராமேஸ்வரம் வரை 170 கிலோமீட்டருக்குச் சற்று மேல் சாலைப் பயணம், மூன்றரை மணி. மொத்தம் ஏழே முக்கால் மணி நேரம் ஆகிறது. இதில் வானத்தில் பறந்த நேரம் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. சென்னையில் காரில் ஏறி நேரே இராமேஸ்வரத்தில் இறங்குகிறவருக்குப் பத்து, பதினோரு மணி நேரம் ஆகிறது. விமானம் மிச்சப்படுத்திக் கொடுப்பது மூன்று மணி நேர அளவுதான்.

விமானம் மெதுவாகப் பறப்பதால் இப்படி ஆகவில்லை. பயணத்தின் இரு முனைகளும் நேரத்தைத் தின்றுவிடுகின்றன. நடுவழியை எவ்வளவு வேகப்படுத்தினாலும் முனைகள் அப்படியே இருந்தால் மொத்த நேரம் பெரிதாகக் குறைவதில்லை.

இந்தக் கணக்கு விவசாயப் பகுதியில் எதற்கு என்று கேட்கலாம். 2025-ஆம் ஆண்டில் மட்டும் இராமநாதபுரம் மாவட்டத்தின் வேகத்தைக் கூட்டும் மூன்று காரியங்கள் நடந்தன. மார்ச் மாதம் தமிழக அரசின் வரவு செலவுத் திட்டத்தில் இராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 6-ஆம் தேதி பாம்பன் கடலில் புதிய ரயில் பாலம் திறக்கப்பட்டது. ஜூலை மாதம் பரமக்குடி - இராமநாதபுரம் இடையே 46.7 கிலோமீட்டர் சாலையை 1,853 கோடி ரூபாய் செலவில் நான்கு வழிச் சாலையாக்க மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இவை எல்லாம் வரவேற்கத் தக்கவை. ஆனால் முதுகுளத்தூரிலோ கடலாடியிலோ ஒரு ஏக்கர் முண்டு மிளகாய் போட்டிருக்கும் சிறு விவசாயி, "என் மூட்டைக்கு இதனால் எவ்வளவு தூரம் குறையும்?" என்று கேட்டால், அவருக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும்.

பாம்பன் சொல்லும் பாடம்

நேரத்தைத் தின்னும் முனைக்கு பாம்பனைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 1914-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரயில் பாலம் திறந்த பிறகு தீவுக்கு ரயில் வந்தது. ஆனால் அடுத்த எழுபத்து நான்கு ஆண்டுகள் சாலை வரவில்லை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து, ரயில் பாலமும் சேதமானபோது, தீவின் ஒரே தரைவழித் தொடர்பும் அறுந்தது. 1988-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதிதான் 2,345 மீட்டர் நீளமுள்ள சாலைப் பாலம் திறக்கப்பட்டது.

தீவில் உள்ள தங்கச்சிமடம் மல்லிகை நாற்றுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள மணற்பாங்கான பூமியில் வேர் பிடிக்க வைத்த மல்லிகைக் குச்சிகள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் செல்கின்றன. மதுரை மல்லிகைத் தோட்டங்களின் தாய்ச்செடிகள் பலவும் இங்கிருந்து போனவையே. சாலைப் பாலம் வருவதற்கு முன் நாற்றுக் கட்டைத் தோட்டத்து வாசலில் லாரியில் ஏற்றி, வாங்குகிறவரின் தோட்டத்து வாசலில் இறக்க வழியில்லை. ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் கூலியும் சேதமும் சேர்ந்தன. மதுரைக்கான தூரம் 1987-லும் 1989-லும் ஒன்றேதான். இடையில் இருந்த இரண்டேகால் கிலோமீட்டர் தடை நீங்கியதும் மீதி நூற்றைம்பதுக்கு மேற்பட்ட கிலோமீட்டர்கள் பயனுக்கு வந்தன.

அதே சாலைப் பாலம் பின்னாளில் வேறொரு வகையிலும் உதவிற்று. பழைய ரயில் பாலம் 2022 டிசம்பரில் போக்குவரத்துக்கு மூடப்பட்டு, புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கும் வரை, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தீவுக்கு ரயில் இல்லை. ஆயினும் தீவு தனித்துப் போகவில்லை. ஒரு வழி அடைபட்டால் மறு வழி இருக்க வேண்டும் என்பதையும் பாம்பன் கற்பித்தது.

தூரம் என்பது மண்ணையும் கடலையும் மட்டும் பொறுத்ததன்று என்பதையும் இதே கடற்கரையில் காணலாம். தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே கடல் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். ஒரு காலத்தில் ரயிலில் வந்து கப்பல் ஏறி அக்கரையில் மீண்டும் ரயில் ஏறினார்கள். 1964 புயலுக்குப் பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் இலங்கையின் போர்ச் சூழலில் நின்றது. இப்போது இராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் தலைமன்னார் போக வேண்டுமானால் மதுரைக்குச் சாலையில் போய், கொழும்புக்கு விமானம் ஏறி, அங்கிருந்து ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர் வடக்கே திரும்பி வருவது ஒரு வழி. காக்கைக்கு முப்பது கிலோமீட்டர் ஆனது மனிதனுக்கு ஒரு முழு நாளாகிறது. இலங்கை தனக்கு வேண்டிய வற்றல் மிளகாயில் பெரும் பகுதியை இந்தியாவிலிருந்தே வாங்குகிறது. கண்ணுக்கெட்டும் கரையாக இருந்தும் இராமநாதபுரத்து மூட்டை அதற்கு நேர் வழியில் போக முடியாது. தூத்துக்குடி போன்ற துறைமுகத்தைச் சுற்றித்தான் போக வேண்டும்.

எந்த விளைபொருளுக்கு எந்த வண்டி?

எல்லா விளைபொருளுக்கும் வேகம் ஒரே அளவில் தேவைப்படுவதில்லை. மல்லிகையை எடுத்துக்கொண்டால், விடிவதற்கு முன்பே மொட்டாகப் பறிக்கிறார்கள். அந்த மொட்டு அன்று மாலையே மலர்ந்துவிடும். மலர்ந்த பூவுக்குச் சந்தையில் விலை இல்லை. ஆகவே மல்லிகைக்கு ஒவ்வொரு மணி நேரமும் பணம். மதுரையிலிருந்து வெளிநாடுகளுக்கு மல்லிகை விமானத்தில் போவது இதனால்தான். பனிக்கட்டி வைத்த தெர்மோகோல் பெட்டியில் அடைத்து, சில மணி நேரத்தில் விமானத்தில் ஏற்றினால்தான் அது அயல்நாட்டில் மொட்டாகவே இறங்கும். மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் கரைகளில் இறங்கும் இறாலுக்கும் கணவாய்க்கும் இதே நிலைமைதான். பனிக்கட்டி அவகாசம் கொடுக்கும். ஆனால் அதுவும் ஒரு வரம்புக்குள்தான்.

தேங்காய், பருத்தி, நெல், வற்றல் மிளகாய் இவற்றின் கதை வேறு. லாரியில் நான்கு மணி நேரம் போவதும் எட்டு மணி நேரம் போவதும் வற்றலுக்கு ஒன்றுதான். அதன் எடையும் குறையாது, நிறமும் போகாது. விமானக் கட்டணம் கிலோ கணக்கில் வாங்கப்படுவது. வற்றல், தேங்காய் போன்ற சரக்குகள் அந்தக் கட்டணத்தைத் தாங்கமாட்டா. மேலும், சிறு ஊர்களுக்கு வரும் விமானங்கள் எழுபது பேர் அளவில் ஏறும் சிறிய விமானங்களே. பயணிகளின் பெட்டிகள் போக அதில் மிஞ்சும் இடம் மிகக் குறைவு. நடுத்தர லாரி ஒன்று பத்து டன் ஏற்றிப் போகும். விமானத்தில் விளைபொருள் அனுப்புவதற்கென்று கிருஷி உடான் திட்டம் 2020-ல் அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் அதிலும் மலைப் பகுதிகள், வடகிழக்கு மாநிலங்கள் போன்று சாலை வழி கடினமான இடங்களுக்கே முதன்மை தரப்பட்டது. சமவெளியில் இருக்கும் இராமநாதபுரத்தின் முதன்மைப் பயிர்களுக்கு லாரியே வாகனம். இதை மனதில் கொண்டுதான் விமான நிலையத்தால் என்ன நன்மை என்று எடை போட வேண்டும்.

மிளகாயின் கடிகாரம் ஓடும் இடம்

சாலையில் போகும்போது வற்றலுக்குக் கடிகாரம் இல்லை என்றால், விவசாயியின் இழப்பு எங்கே ஏற்படுகிறது? களத்தில் ஏற்படுகிறது.

இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, பரமக்குடி வட்டாரங்களில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை நம்பி இது பயிராகிறது. தை மாதக் கடைசியில் தொடங்கும் பழப் பறிப்பு சித்திரை வரை நீளும். பறிக்கும்போது பழத்தில் பெரும் பங்கு நீர்தான். அதைப் பத்து சத அளவுக்குக் காய வைத்தால்தான் வற்றல் கெடாமல் இருக்கும். நூறு கிலோ பழம் காய்ந்தால் இருபத்தைந்து முதல் முப்பது கிலோ வற்றல் தேறும். வெறும் தரையில் காய வைத்தால் பத்து நாள், சில சமயம் இரண்டு வாரம் ஆகிவிடும். இந்த இரண்டு வாரத்தில் ஒரு கோடை மழை பெய்தாலும் போதும். நிறம் வெளுத்த சோடை மிகுந்துவிடும். தரையின் ஈரத்தில் பூசணம் பிடிக்கும்.

பூசணம் நிறத்தோடு நிற்பதில்லை. அஃப்ளாடாக்சின் என்னும் நச்சுப் பொருளை உண்டாக்குகிறது. மிளகாயில் இந்த நச்சு கிலோவுக்கு மொத்தம் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பிய நாடுகள் சரக்கை ஏற்பதில்லை. புவிசார் குறியீட்டின் பெயரால் வெளிநாட்டில் நல்ல விலை கேட்க வேண்டுமானால், அந்த விலைக்கான பயணம் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ தொடங்குவதில்லை. களத்துமேட்டில் தொடங்குகிறது.

இரண்டாவது இழப்பு, களத்துக்கும் தார்ச் சாலைக்கும் இடையே ஏற்படுகிறது. தார்ச் சாலையிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே, கரிசல் பூமியில் உள்ள ஒரு கிராமத்தை எடுத்துக்கொள்வோம். கரிசல் வண்டிப்பாதையில் ஒரு மழை பெய்தால் வண்டிச் சக்கரம் இறங்கிவிடும். வாடகை வேன்காரர் வர மறுப்பார். டிராக்டர்தான் வர வேண்டும், அதற்கும் காத்திருக்க வேண்டும். நான்கு வழிச் சாலையின் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பரமக்குடி - இராமநாதபுரம் 46.7 கிலோமீட்டரை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 56 நிமிடம் ஆகும். அகலப்படுத்திய சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 35 நிமிடம். இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் மிச்சம். அந்த ஆறு கிலோமீட்டர் மண் பாதையிலோ அரை நாளோ ஒரு நாளோ போகிறது. இருபது நிமிடத்துக்கு 1,853 கோடி ரூபாய் ஒதுக்க முடிகிற நாட்டில், அரை நாளை மிச்சப்படுத்தும் ஆறு கிலோமீட்டருக்குப் பணம் இல்லை என்று சொல்வது பொருந்தாது.

நெடுஞ்சாலை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். மதுரை மருத்துவமனைக்கு விரையும் நோயாளிக்கு இருபது நிமிடம் உயிருக்குச் சமம். மீன் லாரிக்கும் அது லாபமே. இரண்டு பணிகளில் எது முதலில் என்பதும், ஒன்றுக்காக மற்றது பின்தள்ளப்படக் கூடாது என்பதுமே கேள்வி.

மூன்றாவது இழப்பு, சரக்கு சிறிதாக இருப்பதால் வருகிறது. சிறு விவசாயிக்கு ஒவ்வொரு பறிப்பிலும் ஒன்று, இரண்டு மூட்டைதான் தேறும். பரமக்குடிக்கோ இராமநாதபுரத்துக்கோ வேன் வாடகை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மூட்டை கொண்டுபோகிறவருக்கு மூட்டைக்கு 750 ரூபாய் விழுகிறது. முப்பது மூட்டையாகச் சேர்த்து ஏற்றினால் மூட்டைக்கு 50 ரூபாய்தான். சாலையின் தூரம் இருவருக்கும் ஒன்றே. இரண்டு மூட்டைக்காரருக்கு மட்டும் சந்தை பதினைந்து மடங்கு தள்ளி இருக்கிறது. இந்த வாடகைக்குப் பயந்துதான் அவர் வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரியிடம், அதிலும் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் கொடுத்தவரிடம், கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுகிறார்.

செய்ய வேண்டியவை

இந்த மூன்று இழப்புகளையும் குறைக்கும் வழிகள் புதியவை அல்ல, பெரும் செலவு பிடிப்பவையும் அல்ல.

முதலாவது, உலர்களம். ஒவ்வொரு மிளகாய்க் கிராமத்திலும் சிமெண்டுத் தளம் போட்ட பொதுக் களம் வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் மிளகாயைப் பரப்புவதால் வாகனப் புகையும் தூசியும் சேர்வதோடு விபத்தும் நேர்கிறது. சாலை நான்கு வழியாகி வண்டிகள் விரைந்து ஓடும்போது அந்த ஆபத்து இன்னும் கூடும். களம் கிடைக்கும் வரை விவசாயிகள் தார்ப்பாய் விரித்தாவது காய வைக்க வேண்டும். பறித்த பழத்தை ஓரிரு நாள் நிழலில் குவித்து நிறம் ஏறிய பின் மெல்லிய அடுக்காகப் பரப்பிக் கிளறிவிட வேண்டும். பொழுது சாயும் முன் குவித்து மூடினால் பனி ஈரம் ஏறாது. சூரிய உலர்த்தி வாங்க வசதியுள்ள குழுக்கள் அதை வாங்கிக்கொண்டால் காயும் நாட்கள் குறைவதோடு தூசியும் படியாது. எடை கூட வேண்டும் என்று மூட்டை கட்டும்போது தண்ணீர் தெளிப்பது கூடவே கூடாது. அந்த ஈரம்தான் பூசணத்துக்கு விதை.

இரண்டாவது, இணைப்புச் சாலை. கரிசல் பூமியில் மண்ணைக் கொட்டிச் சமன் செய்வது சாலை ஆகாது. கல் பரப்பி இறுக்கி, இரு பக்கமும் நீர் வடியக் கால் எடுத்து, கண்மாய் வரத்துக்கால் குறுக்கிடும் இடங்களில் போதிய அகலத்தில் குழாயோ சிறு பாலமோ வைத்தால்தான் அது மழையைத் தாங்கும். சாலை ஓரத்துச் சீமைக் கருவேலை வெட்டி வழி அகலமாக்குவதும் இதில் அடங்கும்.

மூன்றாவது, கூட்டாக ஏற்றுதல். ஊரில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் சரக்கு ஏற்றுவதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உள்ள இடத்தில் அதன் மூலமும், இல்லாத இடத்தில் உழவர் குழுவாகவும் செய்யலாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விற்கிற விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை. விலை சரிந்திருந்தால் கிட்டங்கியில் இருப்பு வைத்து அதன் பேரில் பொருளீட்டுக் கடன் பெறலாம். எட்டிவயலில் மிளகாய்க்கென்றே குளிர்பதனக் கிடங்கோடு வணிக வளாகம் அமைந்திருக்கிறது. குளிரில் வைத்த வற்றல் நிறம் மங்காமல் இருக்கும். அறுவடைக் காலத்து விலை வீழ்ச்சியைத் தாண்டி விற்க இது உதவும். ஆனால் ஒன்று, இரண்டு மூட்டையோடு ஒருவர் மட்டும் அங்கே போனால் வாடகை கட்டுப்படியாகாது. இவை போன்ற வசதிகளும் கூட்டாகப் போகிறவர்களுக்கே எளிதில் எட்டும்.

விமான நிலையம் வருமானால்

விமான நிலையத்தால் மாவட்டத்துக்கு நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. யாத்திரிகர்கள் கூடினால் உணவு விடுதிகள் கூடும். காய்கறி, தேங்காய், பூ, மீன் ஆகியவற்றுக்கு உள்ளூரிலேயே கிராக்கி ஏற்படும். தீவுக்குப் பக்கத்திலேயே மல்லிகைத் தோட்டங்களைப் பெருக்கினால் பூவை நேரே ஏற்றி அனுப்பும் வாய்ப்பும் பிறக்கலாம்.

ஆனால் விமான நிலையம் என்பது ஓடுதளம் மட்டுமல்ல, அது பெரும் பரப்பு நிலம் கேட்கும் காரியம். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத்தளம் ஏற்கனவே உண்டு. 2009-ல் அது 'பருந்து' என்ற பெயரில் முறைப்படி தொடங்கப்பட்டது. பயணிகள் விமான நிலையத்துக்காக உச்சிப்புளி, கீழக்கரை பகுதிகள் ஆராயப்பட்டன. எந்த இடம் ஆனாலும் சில விஷயங்களில் விவசாயிகள் விழிப்பாக இருக்க வேண்டும்.

இராமநாதபுரம் கண்மாய்களின் பூமி. ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய் நிரம்பும். வைகையின் கடைசித் தண்ணீர் வந்து சேர்வதும் இராமநாதபுரம் பெரிய கண்மாயில்தான். நீளமான ஓடுதளம் ஒன்று வரத்துக்காலின் குறுக்கே படுத்தால், நிலத்தைக் கொடுத்தவர் மட்டுமல்லாமல், கீழே உள்ள கண்மாய்களின் ஆயக்கட்டுக்காரர்கள் அனைவரும் தண்ணீரை இழப்பார்கள். அவர்கள் பெயர் எந்த இழப்பீட்டுப் பட்டியலிலும் வராது. ஆகவே இடத்தை முடிவு செய்யும் முன் நீர்வழிகளை அளந்து வரைபடமாக்கி ஊரார் முன் வைக்க வேண்டும். ஏற்கனவே உள்ள ஓடுதளத்தைக் கடற்படையின் ஒப்புதலோடு பயன்படுத்த முடியுமானால், புதிய நிலம் எடுப்பதைவிட அதுவே மேல்.

அடுத்தது, உழுகிறவரின் உரிமை. நில எடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், நிலத்தின் சொந்தக்காரரை மட்டுமன்றி, மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தில் குத்தகையாகவோ வாரமாகவோ பயிரிட்டும் கூலி செய்தும் பிழைத்து வருபவரையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கொள்கிறது. எந்தச் சட்டத்தின் கீழ் நிலம் எடுத்தாலும் இந்த நெறி கைவிடப்படக் கூடாது. வாய் வார்த்தையாகக் குத்தகைக்கு உழுகிறவர்கள் தங்கள் பயிர் அடங்கலில் பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. தென்னை மரங்களையும் கிணறுகளையும் தனித்தனியே எண்ணிக் குறித்து வைக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஆவணம் தேடினால் கிடைக்காது.

இத்தனைக்கும் பிறகு விமான நிலையம் வருமானால், பூவுக்கும் மீனுக்கும் குளிர் அறையும் சரக்கு முனையமும் முதல் நாளிலிருந்தே அதில் இருக்க வேண்டும். நிலம் கொடுத்த விவசாயி வேலிக்கு வெளியே நின்று விமானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு அவர் பங்கு முடிந்துவிடக் கூடாது.

விவசாயி தன் கையால் எடுக்க வேண்டிய கணக்கு

கோரிக்கை வைப்பதற்கும் கணக்கு வேண்டும். ஒரு சிறு நோட்டில் ஒவ்வொரு பறிப்புக்கும் நான்கு தேதிகளை எழுதி வைத்தால் போதும். பழம் பறித்த நாள், காய்ந்து முடிந்த நாள், மூட்டை தார்ச் சாலைக்கு வந்த நாள், பணம் கைக்கு வந்த நாள். பக்கத்தில் வாடகை, கூலி, விற்ற விலை. ஒரு பருவம் எழுதினால் தன் சரக்கு எங்கே தங்கிற்று, எந்த இடத்தில் காசு கரைந்தது என்று விவசாயிக்கே தெரிந்துவிடும். சிலருக்குக் களம்தான் தடை என்று தெரிய வரும். சிலருக்குப் பாதை, சிலருக்குக் கடன்.

ஊரில் இருபது பேர் இப்படி எழுதினால் அது வெறும் புலம்பலாக இராது, சான்றாக ஆகும். ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் உலர்களத்துக்கும் இணைப்புச் சாலைக்கும் தீர்மானம் போடும்போது அந்த நோட்டை முன்வைக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், "சாலை மோசம்" என்று பொதுவாகச் சொல்லும் மனுவைவிட, "இந்த ஆறு கிலோமீட்டரால் இந்த ஊருக்கு இத்தனை நாளும் இத்தனை ரூபாயும் நஷ்டம்" என்று சொல்லும் மனுவுக்கு மதிப்பு அதிகம்.

சென்னைக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்க அரசுகளும் பொறியாளர்களும் முனைந்திருக்கிறார்கள். அது நடக்கட்டும். களத்துமேட்டுக்கும் தார்ச் சாலைக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைக்கக் கேட்க வேண்டியவர்கள் விவசாயிகள்தான். அடுத்த பறிப்பு தொடங்குவதற்குள் நோட்டில் முதல் தேதியை எழுதட்டும்.